லேட்டாக வந்த தீப்பொறி

டிரைவிங் ஸ்கூல் கார் நீலப் புகை கக்கினால் அது விளம்பரத்துக்கு அவ்வளவு நல்லதல்ல. டீச்சரின் கார் கக்கியது. சிக்னலில் நின்றால் பின்னால் நிற்பவர்கள் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். கூரைமேல் சிவப்பு எழுத்தில் 'பயிற்சி வண்டி' என்று ஒரு பலகை இருந்தது. வண்டிதான் இன்னும் பயிற்சியில் இருக்கிறது போலும் என்று எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

டீச்சர் என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள், அவளுடைய கணவர் உட்பட. என்ஜின் மாற்றியே ஆகவேண்டும் என்று அவள் சொன்னபோது அவள் மனத்தில் இருந்தது ஒரு நல்ல மெக்கானிக். ஆனால் வீட்டிலேயே இரண்டு மேதைகள் இருக்கும்போது வெளியாளுக்கு ஏன் வேலை கொடுக்க வேண்டும் என்று அந்த இரண்டு மேதைகளும் கேட்டார்கள்.

முதல் மேதை அவள் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். லென்ஸின் நடுப்புள்ளி ஒரு மயிரிழை தள்ளிப் போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இரண்டாவது மேதை அவளுடைய தம்பி. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவன். நண்பர்கள் அவனைக் கம்ப்ரசர் என்று அழைத்தார்கள். தொழிலால் வந்த பெயர் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் வாய் ஓயாமல் ஓடுவதால் வைத்தது என்பதை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்திலிருந்து ஒரு என்ஜின் வந்தது. அதே கார், கொஞ்சம் பிந்தைய மாடல். "அச்சு அசல் ஒண்ணுதான் மாமா, கண்ண மூடிட்டு மாட்டலாம்" என்றான் கம்ப்ரசர். கண்ணை மூடிக்கொண்டே மாட்டினார்கள் என்பது பிற்பாடு தெரிய வந்தது.

அவனுடைய கொட்டகையில், கதவு கழற்றிய ஃப்ரிட்ஜ்களுக்கு நடுவில், மேலே இருந்த இரும்புச் சட்டத்தில் சங்கிலி கட்டிப் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் கண்ணாடிக்காரர் கை கழுவிவிட்டு, கடையில் சொல்லி வரவழைத்திருந்த டைமிங் லைட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

அது துப்பாக்கி போன்ற ஒரு விளக்கு. முதல் சிலிண்டரில் தீப்பொறி விழும்போதெல்லாம் அது மின்னும். என்ஜினின் முன்பக்கம் பெல்ட்டோடு சுற்றும் சக்கரமான புல்லியில் ஒரு கோடு இருக்கிறது. மின்னலில் அந்தக் கோடு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். பக்கத்தில் என்ஜின் உடம்பில் பொறித்திருக்கும் அளவோடு அது ஒட்டி நின்றால் தீப்பொறி சரியான நேரத்தில் விழுகிறது என்று அர்த்தம். ஒட்டாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது எந்தச் சிலிண்டருக்கு எப்போது பொறி என்று பங்கிட்டுக் கொடுக்கும் உருளையை, கொஞ்சம் இப்படியோ அப்படியோ திருப்பவேண்டும்.

கண்ணாடிக்காரர் திருப்பினார். கோடு அளவின்மேல் வந்து நின்றது. உலகத்தில் எவ்வளவோ விஷயங்கள் கண்டபடி சுற்றிக்கொண்டிருக்க, ஒன்றாவது தன் விளக்குக்குக் கட்டுப்பட்டு நிற்கிறதே என்று அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"பக்கா" என்றார்.

"பக்கா" என்றான் கம்ப்ரசர்.

வண்டியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

புகை நின்றுவிட்டது, அது உண்மை. அதோடு வேகமும் நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுப் புறப்பட்டது. சில சமயம் யோசித்துவிட்டுப் புறப்படாமல் அணைந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இதைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எப்படியும் அணைக்கத்தான் போகிறார்கள். வண்டி நின்றால் மாணவர் மன்னிப்புக் கேட்பார், டீச்சர் "பரவால்ல, க்ளட்ச்ச மெதுவா விடுங்க" என்பாள். என்ஜின் செய்த குற்றத்துக்கு எத்தனை பேர் மன்னிப்புக் கேட்டார்களோ தெரியாது.

அதிகமாகக் கேட்டவர் டீச்சரின் மாமியார். துணி தைக்கும் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனிடம் எங்கேயாவது கூட்டிப்போகச் சொன்னால் "இதோ வரேம்மா" என்பான், அப்புறம் ஒரு லென்ஸ் உடைந்துவிடும். வெளியே போக உடுத்திக்கொண்டு வாசலில் நின்று நின்று அலுத்துப்போய், இனி எவனையும் கேட்கக்கூடாது என்று தானே ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். மருமகளே டீச்சர் என்பதால் வீட்டில் நடக்காத சண்டைகளை எல்லாம் காருக்குள் நடத்த வசதியாக இருக்கும் என்று சொந்தக்காரர்கள் ஆவலோடு எதிர்பார்த்தார்கள். அவர்களை ஏமாற்றும்படி இருவரும் ஒழுங்காக இருந்தார்கள், புது என்ஜின் வரும் வரையில்.

"அத்தை, காலை சட்டுனு எடுக்காதீங்க."

"எடுக்கலம்மா."

"எடுத்ததாலதான் நின்னுச்சு."

"சரிம்மா."

இப்படி ஒவ்வொரு நாளும். லைசென்ஸ் பரீட்சையில் ஒரு மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்பவேண்டும். மாமியார் நிறுத்தினார். கிளப்பினார். அணைந்தது. மறுபடி கிளப்பினார். மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை வண்டியின் புகைக்குழாய் 'டுப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்தது. பரீட்சை அதிகாரி நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பழகிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தூரப் போய்ச் சிரித்தார்.

திரும்பும்போது மாமியார் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் டீச்சருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தன் வலது காலையும் இடது காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு காலத்துல என் கால் சொன்னா தையல் மெஷின் கேக்கும்" என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் அவரை வீட்டில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பி, அதே மேட்டுக்குத் தனியாகப் போனாள். பிறந்ததிலிருந்து ஓட்டுகிறவள் மாதிரி ஓட்டுகிறவள். அவளுக்கே வண்டி பாதி மேட்டில் மூச்சு வாங்கியது. சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. உச்சிக்கு வருவதற்குள் புகைக்குழாய் இரண்டு தடவை தும்மியது.

நேராகத் தம்பியின் கொட்டகைக்குப் போனாள். அவன் ஒரு ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்தான்.

"கார்பரேட்டர்தான்க்கா" என்றான், தலையை எடுக்காமலே.

"நீ இன்னும் வண்டியப் பாக்கவே இல்ல."

"சத்தத்த கேட்டேன்ல."

கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினான். ஒன்றும் மாறவில்லை. பிளக் என்றான், புது பிளக் போட்டான். பிளக்குக்குப் போகும் வயர் என்றான், வயர் போட்டான். பெட்ரோல் நிலையத்தின் நேர்மையைச் சந்தேகித்தான். ஒவ்வொன்றும் மாட்டும்வரை அதுதான் குற்றவாளி. மாட்டிய பின் அது நிரபராதி, அடுத்தது குற்றவாளி. கடைசியில் வண்டியில் மாற்றுவதற்கு டிரைவரைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை என்கிற கட்டத்தில் டீச்சர் அவன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருந்த போல்ட்டைத் தளர்த்தி, காதை அருகில் வைத்து, உருளையை மெல்லத் திருப்பினாள். ஒரு பக்கம் திருப்பியபோது என்ஜின் முனகியது. மறுபக்கம் திருப்பினாள். முனகல் தெளிந்தது, சீராயிற்று, அப்புறம் என்ஜின் துள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"பொறி லேட்டா விழுந்துட்டு இருந்திருக்கு" என்றாள். பஸ் கிளம்பிப் போன பிறகு ஓடி வந்து அதன் முதுகில் தட்டுகிறவனைப் போல, பிஸ்டன் கீழே இறங்க ஆரம்பித்த பிறகுதான் தீப்பொறி வந்து அதைத் தள்ளப் பார்த்திருக்கிறது. தள்ளமுடியாத கோபம் எல்லாம் சூடாகவும் சத்தமாகவும் புகைக்குழாய் வழியே போயிருக்கிறது.

மேட்டில் ஏற்றிப் பார்த்தாள். வண்டி வீட்டுப் படி ஏறுவதுபோல ஏறியது. லேசாக, தகர டப்பாவில் கல் குலுக்கியது மாதிரி ஒரு சத்தம் கேட்டதும், பொறி இப்போது முந்திக்கொள்கிறது என்று இறங்கி, ஒரு நூலளவு திருப்பிப் பின்னால் விட்டாள். சத்தம் நின்றது. போல்ட்டை இறுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, கணவர் 'பக்கா' என்றதைத் தான் மாற்றிவிட்டதைச் சொல்லி அவர் மனத்தை நோகடிப்பானேன் என்று யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை மாமியாரோடு புறப்பட்டாள். தெருமுனையிலேயே அணைந்தது.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மாமியாரே "க்ளட்ச்ச மெதுவாத்தாம்மா விட்டேன்" என்றார். என்ஜின் மூடியைத் திறந்து பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டர் பழைய இடத்தில் இருந்தது.

"போல்ட் தளருதுக்கா" என்றான், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்த கம்ப்ரசர். புது போல்ட் போட்டான், வாஷர் போட்டான். அவள் மறுபடி காதால் திருப்பி வைத்தாள். மறுநாள் காலை மறுபடி பழைய இடம். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். மறுநாளும் அப்படியே. இப்போது அவனுக்குத் தன் தொழிலிலிருந்தே ஒரு விளக்கம் பிறந்தது.

"ராத்திரி குளிர்ல இரும்பு சுருங்கும்க்கா. சுருங்கறப்போ தானா திரும்பிடுது."

"சுருங்கி, சரியா அந்த ஒரே இடத்துல வந்து நிக்குதா?"

"அதுக்கு அதுதான் பிடிச்ச இடம்."

ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரனிடம் குளிரைப் பற்றி வாதாட முடியாது. டீச்சர் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பதை அவள் நம்பவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க வண்டியைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வழக்கம்போல வண்டி அணைந்து ஓரமாக நின்றிருந்தபோது மாமியார் அலுப்போடு கேட்டார்:

"இன்னைக்கும்தான் விடிஞ்சதும் விளக்கு பிடிச்சுப் பாத்தான். அப்புறமும் ஏன் இப்படி நிக்குது?"

"யாரு விளக்கு பிடிச்சா?"

"உன் புருஷன்தான். தினமும் பிடிக்கிறானே. நீ குளிக்கப் போனதும் சாவிய எடுத்துட்டு வந்து, அந்தத் துப்பாக்கி விளக்க வெச்சு என்னமோ திருப்புவான். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

டீச்சர் ஸ்டியரிங்கைத் தான் வாங்கிக்கொண்டு நேரே கண்ணாடிக் கடைக்கு ஓட்டினாள். மாமியாரும் கூடவே இறங்கி வந்தார். இதைத் தவறவிட அவருக்கு மனமில்லை.

கடையின் உள்ளறையில் கண்ணாடிக்காரர் ஒரு வாடிக்கையாளரை உயர நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தார். "இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா?" டீச்சர் வாசலில் கைகட்டி நின்றாள். அவரும் பார்த்துவிட்டார். அந்த வாடிக்கையாளருக்கு அன்று கிடைத்ததைப் போல நிதானமான கண் பரிசோதனை அந்தக் கடையில் யாருக்கும் கிடைத்ததில்லை. ஒருவழியாக வாடிக்கையாளர் போனார்.

"தினமும் காலைல வண்டிகிட்ட என்ன பண்றீங்க?"

"சரி பண்றேன்."

"எத?"

"டைமிங்க. உன் தம்பி சாயங்காலம் வந்து கண்டபடி திருப்பிட்டுப் போறான். லைட் வெச்சுப் பாத்தா கோடு எங்கயோ ஓடிப்போயிருக்கு. அப்படியே ஓட்டினா பிஸ்டன் ஓட்டையாயிடும். அவன் மனசு நோகக்கூடாதேன்னுதான் யார்கிட்டயும் சொல்லாம நானே திருத்தி வெச்சேன்."

"அவன் திருப்பல. நான் திருப்பினேன்."

கண்ணாடிக்காரர் வாடிக்கையாளரின் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார். பெருந்தன்மை இப்படித் தலையில் வந்து விடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"நீ எதை வெச்சுத் திருப்பின?"

"காத வெச்சு. வண்டி மேட்டுல எப்படி ஏறுதுன்னு வெச்சு."

"கோடு தப்பா இருக்கே."

"வண்டி சரியா ஓடுதே."

"தப்பா இருக்குறப்போ அது எப்படி சரியா ஓடும்?" என்றார் அவர். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு அது மனத்தைப் புண்படுத்தும் விஷயமாக இருந்தது.

டீச்சருக்குக் கோபம் குறைந்து ஒரு சந்தேகம் வந்தது. விளக்கு பொய் சொல்லாது. அவள் காதும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பொய் சொல்ல மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

"அந்தக் கோடு சரியான இடத்துலதான் இருக்குன்னு யாரு சொன்னா?"

கண்ணாடிக்காரருக்கு இந்தக் கேள்வி புரியவே சற்று நேரமாயிற்று. கோட்டைச் சந்தேகிப்பது என்பது அவருக்கு அளவுகோலைச் சந்தேகிப்பது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நான்கு பேரும் கூடினார்கள். மாமியாருக்கு ஒரு முக்காலி போடப்பட்டது. பிளக்குகளைக் கழற்றினார்கள். முதல் சிலிண்டரின் துளைக்குள் விடுவதற்கு நீளமாக, மெல்லிதாக ஒன்று வேண்டியிருந்தது. கம்ப்ரசர் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்தான். உள்ளே கீறிவிடும் என்று டீச்சர் மறுத்தாள். மாமியார் பையிலிருந்த பிளாஸ்டிக் பின்னல் ஊசியை நீட்டினார். அது பிஸ்டனின் தலையில் போய் உட்கார்ந்தது. அதை விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு, "சுத்துடா" என்றாள் டீச்சர். கம்ப்ரசர் புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பேனரை வைத்து மெல்லச் சுற்றினான்.

ஊசி மேலே வந்தது. வந்து, உச்சியில் கொஞ்சம் சும்மா நின்றது. அப்புறம் இறங்கியது. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது புல்லியின் கோடும் பக்கத்திலுள்ள அளவின் பூஜ்யத்தில் நிற்கவேண்டும். கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கோடு பூஜ்யத்துக்குக் கட்டைவிரல் அகலம் தள்ளி, யாருக்கோ காத்திருப்பதுபோல நின்றது.

"எப்படி இது?" என்றார்.

யாரும் பேசவில்லை. குறிப்பாகக் கம்ப்ரசர் பேசவில்லை. அவன் பேசாமல் இருப்பதே செய்தியாகப் பட்டு டீச்சர் திரும்பிப் பார்த்தாள். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனர்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. அந்தப் புல்லி…"

"அந்தப் புல்லிக்கு என்ன?"

"அது பழைய என்ஜினோடது. புதுசுல வந்த புல்லில நம்ம பெல்ட் நேரா உக்காரல. பழையத போட்டுப் பாத்தேன், கச்சிதமா உக்காந்துச்சு. சின்ன விஷயம்தானேன்னு…"

பழைய என்ஜினில் அந்த அளவு ஒரு பக்கம் இருந்தது. புதியதில் இன்னொரு பக்கம். பழைய கோட்டுக்குப் புது என்ஜினில் எந்த அர்த்தமும் இல்லை. கண்ணாடிக்காரர் தினமும் விடியற்காலையில் எழுந்து, இல்லாத ஒரு என்ஜினுக்கு மயிரிழை பிசகாமல் டைமிங் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே மாப்ள" என்றார்.

"நீங்க லைட்ட பிடிச்சு பக்கான்னு சொன்னீங்க மாமா. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

மூவரும் ஒருவர் மனம் ஒருவர் நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்ததில், நொந்தது மாமியாரின் கால் ஒன்றுதான். அவர் முக்காலியில் உட்கார்ந்தபடி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

"அப்போ என் கால் மேல தப்பு இல்ல" என்றார்.

"இல்ல அத்தை" என்றாள் டீச்சர். "நான்தான் தெரியாம உங்களையே சொல்லிட்டு இருந்தேன். மன்னிச்சிடுங்க."

"பரீட்சைல அந்த ஆள் தூரப் போய்ச் சிரிச்சானே. அவன்கிட்டயும் யாராவது போய்ச் சொல்லுவீங்களா?"

கம்ப்ரசர் அவசரமாகப் பெயிண்ட் டப்பா தேடப் போனான்.

மிச்ச வேலையைக் கண்ணாடிக்காரர் செய்தார். அதை அவரைவிடச் சுத்தமாகச் செய்ய அங்கே ஆள் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஊசி உச்சியில் நின்றுவிட்டு இறங்குவதால், எது சரியான உச்சி என்று கண்ணால் சொல்லமுடியாது. அவர் ஊசியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அது ஏறும்போது துளையின் விளிம்பைத் தொட்ட இடத்தையும், இறங்கும்போது தொட்ட இடத்தையும் புல்லியில் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நட்டநடுவில், பூஜ்யத்துக்கு நேராக நிற்கும்படி, வெள்ளைப் பெயிண்டால் ஒரு புதுக் கோடு போட்டார். லென்ஸுக்கு நடுப்புள்ளி வைக்கிற அதே மூச்சடக்கம். பிறகு என்ஜினை ஓட்டி, டீச்சரைக் காதால் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, விளக்கைப் பிடித்தார்.

புதுக் கோடு அளவை ஒட்டி நின்றது. அவர் ஒரு நூல் திருத்தலாம் என்று கையைக் கொண்டுபோனார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

அத்தோடு எல்லாம் சுபமாகவில்லை. பலமில்லாத என்ஜினைக் கிளப்பிக் கிளப்பி மாமியாரின் வலது கால் கனமாகிவிட்டிருந்தது. பழைய நினைப்பில் அழுத்தினார். புதுத் தெம்பில் இருந்த வண்டி தாவிப் போய்க் கொட்டகை வாசலில் இருந்த ஒரு ஃப்ரிட்ஜை முட்டிச் சாய்த்தது. ரிப்பேராகி, வாடிக்கையாளர் எடுத்துப்போக நிறுத்தியிருந்த ஃப்ரிட்ஜ். கம்ப்ரசர் ஓடி வந்து பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"சின்ன விஷயம்தானே" என்றார் மாமியார்.

மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. இந்தத் தடவை டீச்சர் காலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ரோட்டைப் பற்றி மட்டும் பேசினாள். மேட்டில் நிறுத்தி, கிளப்பி, மறுபடி நிறுத்தி, கிளப்பி, மாமியாரே "போதும்மா, இந்த மேடு எனக்கு மனப்பாடம்" என்று சொல்லும்வரை செய்தார்கள். அடுத்த பரீட்சைக்கு அதே அதிகாரிதான் வந்தார். வண்டி உருளாமல் கிளம்பியது. "நல்லாப் பழகிட்டீங்க" என்றார் அவர். மாமியார் நேராக ரோட்டைப் பார்த்தபடி, "நான் முன்னாடியே பழகித்தான் இருந்தேன். வண்டிதான் பழகல" என்றார். தோற்றுப் போனவர்கள் எல்லோரும் வண்டியைத்தான் குறை சொல்வார்கள் என்பதால் அதிகாரி அதை நம்பவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டார்.

லைசென்ஸ் வந்த ஞாயிறு மாமியார் எல்லோரையும் ஊருக்கு வெளியே கூட்டிப்போனார். பின்சீட்டில் மகனும் கம்ப்ரசரும். முன்சீட்டில், தனியாக ஒரு பிரேக் பொருத்திய அந்த இடத்தில், டீச்சர். மாமியார் ஓட்டிய வேகத்தில் பின்னால் ஒரு நீண்ட வரிசை சேர்ந்தது. ஹாரன் அடித்தார்கள். அவர் அசரவில்லை.

"கொஞ்சம் வேகமாப் போலாமேம்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

"இறங்கி முன்னாடி நடந்து போ. நான் வந்து ஏத்திக்கிறேன்."

கம்ப்ரசர் சிரித்தான். ஒரு வளைவு தாண்டியபோது கண்ணாடிக்காரர் முன்னால் எட்டி மனைவியிடம் ஏதோ கேட்கப் போனார். அவள் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. பிரேக் மேல் இருக்கவேண்டிய கால் நழுவித் தரையில் கிடந்தது. கற்றுக்கொள்ள வந்த எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு விழித்திருந்தவள், முதல் முறையாக, ஓடும் காரில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாமியார் கண்ணாடியில் மகனைப் பார்த்து, எழுப்பாதே என்று தலையசைத்தார். பின்னால் இன்னொருவன் ஹாரன் அடித்தான். அவர் அடுத்த கியரை, சத்தமில்லாமல் போட்டார்.